‘உண்டு’ என்று சொல்லும்போது நாம் எங்கே இருக்கிறோம்?



நம் ஊர்களில் பொழுது எப்படி விடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். சேவல் கூவுவதற்கு முன்பே பால்வெட்டுக்குப் போகிறவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார். அண்டி ஆபீசுக்குப் போகிற தாய்மார் சோறு வடித்து, கறி வைத்து, தூக்குப் பாத்திரத்தில் அடைத்து, பிள்ளைகளை எழுப்பிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். கடை வைத்திருப்பவருக்குச் சரக்கு வண்டி வரவில்லையே என்ற கவலை. மகளிர் குழுத் தவணைக்கு வெள்ளிக்கிழமை கெடு. வளைகுடாவில் இருக்கும் மகனிடமிருந்து இரண்டு நாளாய் அழைப்பு வரவில்லை. இதற்கு நடுவே கைப்பேசி ஒரு பக்கம் மணியடித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த ஓட்டத்தின் நடுவேதான் தாங்கலுக்கும் வருகிறோம். பணிவிடை நடக்கிறது. உகப்படிப்புப் படிக்கிறோம். நாமம் சாத்திக்கொள்கிறோம். ‘அய்யா உண்டு’ என்று கைகூப்பிவிட்டுத் திரும்பிப் போகிறோம். உடல் வந்து போனது சரி, மனம் வந்ததா? இதைத்தான் இன்றைக்கு உங்களோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறேன். அடியேனுக்கே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு நாமம்

எங்கள் ஊர் நிழல் தாங்கலில் பணிவிடை செய்கிறேன். மற்ற நேரத்தில் எனக்கு ஒரு சிறிய பலசரக்குக் கடை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து வரிசையில் நின்றவர்களுக்கு நாமம் சாத்திக்கொண்டிருந்தேன். கை திருமண்ணைத் தொட்டது, நெற்றியில் ஏற்றியது, மறுபடியும் தொட்டது. மனமோ கடையில் இருந்தது. மறுநாள் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் எவ்வளவு குறைகிறது, யாரிடம் கேட்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வரிசை கலைந்த பிறகு எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி என் அருகில் வந்தார்கள். நெற்றியைக் காட்டிச் சிரித்தார்கள். ஒரு நாமத்தின் மேலேயே இன்னொரு நாமம், கொஞ்சம் கோணலாக.

“மக்கா, எனக்கு ரெண்டு நாமம் சாத்திட்டியே. ஒண்ணு எனக்கு. மத்தது யாருக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை நாமம் சாத்தியது எனக்கு நினைவிலேயே இல்லை. அந்த முகத்தை இரண்டு முறையும் நான் பார்க்கவில்லை.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் கைப்பேசியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எதிரே நின்று ஏதோ சொன்னாள். ‘ம்’ என்றேன். அவள் போகவில்லை. அங்கேயே நின்று அழுதாள்.

“அப்பா, புத்தகத்தத் திறந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. ராத்திரி மூச்சு முட்டுது. மூணு நாளா சொல்லுதேன். நீங்க ‘ம்’, ‘ம்’னு மட்டும் சொல்லுதீங்க.”

மூன்று நாள். ஒரே கூரையின் கீழ் என் பிள்ளை மூன்று நாளாக என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அங்கே இருந்தும் இல்லை. பாட்டியின் நெற்றியில் ஏறிய அந்த இரண்டாவது நாமம் எதைக் காட்டியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

‘உண்டு’ என்ற சொல்

‘அய்யா உண்டு’ என்கிறோமே, அந்த ‘உண்டு’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘அய்யா இருந்தார்’ என்று நாம் சொல்வதில்லை. ‘அய்யா வருவார்’ என்பது நம் நம்பிக்கை. ஆனாலும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது அதையும் சொல்வதில்லை. ‘உண்டு’ என்கிறோம். வீட்டில் யாராவது உண்டா என்று வாசலில் நின்று கேட்டால், உள்ளே இருப்பவர் உண்டு என்கிறார். அது நேற்றைய செய்தியும் இல்லை, நாளைய வாக்குறுதியும் இல்லை. இந்த நேரத்தில் இங்கே இருப்பதைச் சொல்லும் சொல் அது.

அய்யா இந்த நொடியில் உண்டு. நாமோ இந்த நொடியில் இல்லை. மனம் நேற்று மைத்துனன் சொன்ன கடுஞ்சொல்லில் கிடக்கிறது, இல்லையென்றால் அடுத்த மாத வட்டியில் நிற்கிறது. வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும் நேரத்தில் வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியைப் போல, அய்யா வந்து நிற்கிறார். திறக்க ஆளில்லை.

மன அழுத்தம் என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அதில் பெரும்பங்கு இந்த இல்லாமையிலிருந்து வருகிறது. வேலையின் பாரம் ஒன்று. அந்த வேலையைச் செய்யும்போதே வேறு பத்து வேலைகளை மனத்தில் சுமப்பது இன்னொரு பாரம். கை ஒன்றைத்தான் செய்கிறது. உடல் மட்டும் பதினொன்றுக்கும் பதறுகிறது. இரவில் படுத்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான்.

அகிலத்திரட்டு அம்மானையில் கலியன் வரம் கேட்கும் கதையைத் திருஏடு வாசிப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரம் கிடைத்ததும் அவன் நிறைவடைந்தானா? இல்லை. வரத்துக்கு மேல் வரமாகக் கேட்டுக்கொண்டே போனான். கையில் வந்ததைப் பார்ப்பதற்குள் மனம் அடுத்ததற்குத் தாவிவிட்டது. கலி எங்கோ வெளியே கொம்பு முளைத்து நிற்கும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததின் பின்னாலேயே ஓடுகிற இந்த மனமும் கலியின் வேலைதான்.

அய்யா காட்டிய வழி

1833-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்த அய்யா, இன்று சாமித்தோப்பு என்று நாம் அழைக்கும் இடத்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். ஆளுயரக் குழியில் நின்று இரண்டு ஆண்டு, தரையில் அமர்ந்து இரண்டு ஆண்டு, உயர்ந்த பீடத்தில் அமர்ந்து இரண்டு ஆண்டு. அகிலமெங்கும் நிறைந்த பரம்பொருள் ஓரிடத்தில் இருந்து காட்டினார். வடக்கு வாசலில் நின்று கும்பிடும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டு நமக்கு வேண்டாம். ஆறு நிமிடம் ஓரிடத்தில் இருக்க நம்மால் முடிகிறதா?

“அது அய்யாவால் முடியும். குடும்பம் குட்டி என்று இருக்கிற எங்களால் முடியுமா?” என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாகத்தான் துவையல் தவசு இருக்கிறது. வாகைப்பதியில் அந்தத் தவசுக்குப் போனது 700 குடும்பங்கள். துறவிகள் தனியாகப் போகவில்லை. கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாகப் போனார்கள். கடலில் நீராடினார்கள், துணி துவைத்தார்கள், எளிய உணவை அளவாக உண்டார்கள், அய்யாவை நினைத்திருந்தார்கள். நீராடுவது, துவைப்பது, உண்பது எல்லாம் நாம் தினமும் செய்பவைதானே! வீட்டு வேலையே அங்கே தவமானது. நினைவோடு செய்ததால்தான் அது தவம் என்று பெயர் பெற்றது. அதே துணியை நாமும் கல்லில் அடிக்கிறோம், மாமியார் மேல் இருக்கும் கோபத்தையும் சேர்த்து! துணி வெளுக்கிறது. மனம் வெளுப்பதில்லை.

பள்ளியறையில் நமக்கு முன்னால் இருப்பது என்ன? கண்ணாடி. அதன் இருபுறமும் விளக்கு. வேறு உருவம் ஒன்றும் இல்லை. அங்கே போய் நிற்பவருக்குத் தம் முகம்தான் தெரியும். உனக்குள்ளே பார் என்று அய்யா வைத்த பாடம் அது. ஆனால் எத்தனை பேர் அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறோம்? தலைப்பாகை சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம், முந்தானையைப் பார்ப்போம், பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்ப்போம். களைத்துப்போன அந்த முகத்தை, பயந்து நிற்கும் அந்தக் கண்களை நேராகப் பார்த்து, ‘இதற்குள்ளும் அய்யா உண்டு’ என்று ஒரு நொடி நிற்பதில்லை.

அமெரிக்காவில் 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்காக பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மூச்சைக் கவனிப்பது, உடலைக் கவனிப்பது, செய்கிற காரியத்தில் மனத்தை வைப்பது, இவைதான் அதில் முக்கியமானவை. இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. ஆனாலும், செய்கிற காரியத்தில் மனம் இருந்தால் பாரம் குறையும் என்று மருத்துவ உலகமும் இன்று ஒத்துக்கொள்கிறது. நமக்கோ கண்ணாடியும் நாமமும் படிப்பும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றுக்குள் நாம் வந்து இருந்தால் போதும்.

ஒரு நாளில் ஐந்து இடம்

இதற்காகத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இருக்கிற நாளுக்குள்ளேயே ஐந்து இடங்களில் மனத்தைக் கொண்டுவந்து வைக்கலாம்.

முதலாவது, எழுந்தவுடன். கைப்பேசியை எடுப்பதற்கு முன் பாயில் நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது மனத்துக்குள் ‘அய்யா’ என்று சொல்லுங்கள். வெளியே விடும்போது ‘உண்டு’ என்று சொல்லுங்கள். விடும் மூச்சு இழுக்கும் மூச்சைவிட நீளமாக இருக்கட்டும். மூச்சை மெதுவாக வெளியே விடும்போது நெஞ்சுத் துடிப்பும் மெல்லத் தணியும், உடம்பின் அமைப்பே அப்படி. பத்து மூச்சு போதும். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இரண்டாவது, தண்ணீர். சாமித்தோப்பில் முத்திரிக்கிணற்றுத் தண்ணீர் உடம்பில் விழும்போது அதன் குளிர்ச்சியை உணர்கிறோம் அல்லவா? அந்த நேரத்தில் யாருக்கும் கடன் நினைவு வருவதில்லை. வீட்டில் குளிக்கும் தண்ணீரும் தண்ணீர்தான். முதல் செம்புத் தண்ணீரையாவது உணர்ந்து ஊற்றுங்கள்.

மூன்றாவது, நாமம். திருமண்ணைத் தொடும் விரல், புருவ நடுவிலிருந்து மேலே ஏறும் கோடு, நெற்றியில் தெரியும் ஈரம். சுடர் வடிவில் நாமம் இடுகிறோம், உள்ளே இருக்கும் ஆன்ம ஜோதியின் அடையாளமாக. அந்த ஒரு கோடு ஏறி முடிகிறவரை வேறு நினைவு வேண்டாம்.

நான்காவது, சோறு. பதியில் அன்னதர்மம் நடக்கும்போது எல்லோரோடும் தரையில் அமர்ந்து, கையில் வாங்கியதைச் சிந்தாமல் சாப்பிடுகிறோம். அதன் ருசி வீட்டுக்குப் போன பிறகும் நினைவிருக்கிறது. வீட்டில் நேற்று என்ன கறி சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை. முதல் மூன்று கவளத்தையாவது தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாமல் சாப்பிடுங்கள். சமைத்த கை யாருடையது என்று நினையுங்கள். சொல்லத் தோன்றினால் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, காது. இதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. கார்த்திகையில் 17 நாள் உட்கார்ந்து திருஏடு வாசிப்புக் கேட்கிற நாம், வீட்டில் ஒரு பிள்ளை பேசினால் 17 நிமிடம் கேட்பதில்லை. ஒருவர் பேசத் தொடங்கினால் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். பதிலைத் தயார் செய்துகொண்டே கேட்காதீர்கள். மனைவி, மக்கள், வயதான தாய் தகப்பன் எல்லோருக்கும் நாம் செய்யக்கூடிய தர்மம் இது. காசு செலவில்லை.

மனம் ஓடும். ஓடத்தான் செய்யும். கன்றுக்குட்டியை முளையில் கட்டினால் முதல் நாள் இழுக்காமலா இருக்கும்? ஓடிவிட்டது என்று தெரிந்த அந்த நொடியிலேயே நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். ‘என்னால் முடியவில்லையே’ என்று அதற்கும் ஒரு கவலையைச் சேர்த்துக்கொள்ளாமல், அமைதியாக மறுபடியும் ‘அய்யா உண்டு’ என்று வந்து உட்காருங்கள். நாளுக்கு நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பி வரலாம். அதுதான் பயிற்சி.

பொறுமை வேறு, அடிமைத்தனம் வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனத்தை அடக்கு, மூச்சைக் கவனி என்று சொன்னால், எது நடந்தாலும் வாய் மூடி இரு என்று பொருள் இல்லை. அய்யா வந்த காலத்தில் திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோர் தலைக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். பெண்கள் தோள் மறைக்கத் தடை இருந்தது. தலையில் துணி கட்டத் தடை இருந்தது. அந்தத் துன்பத்தைப் பார்த்து, ‘எல்லாம் மனம்தான், கண்ணை மூடிக்கொள்’ என்று அய்யா சொல்லவில்லை. மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். சிறைக்கும் போனார். தவத்தில் அமர்ந்த அதே அய்யாதான் அநீதியையும் தட்டிக்கேட்டார்.

ஆகவே, வேலை செய்யும் இடத்தில் கூலியைக் குறைத்தால், வட்டிக்காரர் வாசலில் வந்து அவமானப்படுத்தினால், குடித்துவிட்டு ஒருவர் கை ஓங்கினால், மூச்சைக் கவனித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். தெளிந்த மனத்துக்கு எதைப் பொறுக்க வேண்டும், எதைப் பொறுக்கக் கூடாது என்று தெரியும். பதறிய மனம் எளியவரிடம் சீறும், வலியவரிடம் பணியும். கடையில் வாங்கிய ஏச்சை வீட்டில் பிள்ளையிடம் கொட்டுவது அதனால்தான். தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதுதான் தர்மம் என்று கற்ற நாம், நம்மைவிடச் சிறியவர் மேல் நம் பாரத்தை இறக்கலாமா?

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால், அதை மறைக்காதீர்கள். மருத்துவரைப் பார்ப்பது அய்யாவை நம்பாத செயல் ஆகாது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. அங்கே காது கொடுத்துக் கேட்கும் மனிதருக்குள்ளும் அய்யா உண்டு. பேய் பிடித்தது, செய்வினை என்று பணம் பறிப்பவர் பின்னால் மட்டும் போகாதீர்கள். அந்தப் பயத்திலிருந்து நம்மை மீட்கத்தான் அய்யா வந்தார்.

அந்த இரவுக்குப் பிறகு

அன்று இரவு கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்தேன். மகள் அருகில் உட்கார்ந்தேன். அறிவுரை சொல்ல வாய் துடித்தது, சொல்லவில்லை. அவள் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பாதியில் அவளே அழுகையை நிறுத்திவிட்டாள். பிறகு இரண்டு பேரும் பத்து மூச்சு, ‘அய்யா’ என்று உள்ளே, ‘உண்டு’ என்று வெளியே. அடுத்த வாரம் அவளை மருத்துவரிடமும் அழைத்துப்போனோம். தேர்வு பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் வந்தால் இப்போது அவள் தனியாக இருப்பதில்லை. வந்து சொல்கிறாள். கேட்க நான் இருக்கிறேன்.

மொத்த வியாபாரியின் கடன் அப்படியே இருந்தது. இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று மறுநாள் நேரில் போய்க் கேட்டேன், ஒத்துக்கொண்டார். ஒரு வாரமாக மனத்துக்குள் சுமந்ததைக் கேட்டு முடிக்கப் பத்து நிமிடம்தான் பிடித்தது.

அந்தப் பாட்டி இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். வரிசையில் என் முன்னால் வந்ததும், “இண்ணைக்கு ஆளு உண்டா?” என்று கேட்பார்கள். நான் கையை நிறுத்தி, அந்த முகத்தைப் பார்த்து, “உண்டு பாட்டி” என்று சொல்லி, ஒரே ஒரு நாமம் சாத்துகிறேன்.

அன்புக்கொடி மக்களே, இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் இப்போது யார் இருக்கிறார்களோ, அவர்கள் முகத்தை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். பிறகு கைகூப்பிச் சொல்லுங்கள்.

அய்யா உண்டு.